கழுத்துச் சிரை பேசத் தொடங்கிய கதை

லான்சிசி ரோமில் போப்பாண்டவரின் மருத்துவர். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து நோயைப் புரிந்துகொள்ள முயன்றவர். கழுத்துச் சிரை புடைத்துத் துடிப்பதற்கும் இதயத்தின் வலப்பக்கம் விரிந்திருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நூலில் எழுதிவைத்தார். அந்த நூல் அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1728இல்தான் அச்சேறியது. அதன்பின் நெடுநாள் அந்தக் குறி பெரிதாக எங்கும் நகரவில்லை. 1873இல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற மருத்துவர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்: மூச்சை இழுக்கும்போது வற்ற வேண்டிய சிரை, சில நோயாளிகளுக்கு மேலும் புடைத்தது.

கழுத்துச் சிரை என்ற குறிக்கு உண்மையான வாழ்வு கொடுத்தவர் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தில் பர்ன்லி என்ற பஞ்சாலை ஊரின் குடும்ப மருத்துவர் ஜேம்ஸ் மெக்கன்சி. அவர் பார்த்துவந்த இளம் பெண் ஒருத்தி பிரசவத்தின்போது இதயம் செயலிழந்து இறந்துபோனாள். அந்தச் சாவு அவரை விடவில்லை. புகையேற்றிய தாளில் நாடித் துடிப்பைக் கீறும் கருவியை மாற்றியமைத்து, கழுத்துச் சிரையையும் கூடவே பதிவுசெய்தார். பிறகு ஷா என்ற உள்ளூர்க் கடிகாரக்காரர் மையால் எழுதும் கருவியைச் செய்துகொடுத்தார். ஏ, சி, வி என்று இன்றைக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அலைப் பெயர்கள் மெக்கன்சி வைத்தவை. 1902இல் அவர் நூல் வந்தது. 1930இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர், மார்பெலும்பின் மேட்டிலிருந்து சிரையின் உயரத்தை அளக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கருவியே தேவைப்படவில்லை. ஸ்கேலும் டார்ச்சும் போதும்.

இதயத்தசை நோய்க்காரரிடம்தான் அந்தக் குறி வாய் திறந்து பேசுகிறது. உயரம் அழுத்தத்தைச் சொல்லும். அலையின் வடிவம் தசையின் நிலையைச் சொல்லும். வலது கீழறை விறைத்திருந்தால், மேலறை முட்டித் தள்ளுவதால் ஏ அலை எம்பும். இதயத்துடிப்பு தாறுமாறாகி மேலறை வெறுமனே நடுங்கத் தொடங்கினால் அதே அலை காணாமல் போகும். இதயம் விரிந்து மூவிதழ் வால்வு கசிந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் வி அலை எகிறும். சிலருக்குக் காதுமடல்கூட ஆடும். இறுகிய தசை நோயில் சிரை உயர்ந்து நிற்கும், வால்வு திறந்ததும் சட்டென்று சரியும், உடனே மீண்டும் ஏறும். குஸ்மால் கண்ட விநோதத்தையும் இங்கே பார்க்கலாம். ஆனால் இதே சரிவு, இதயத்தின் உறை இறுகினாலும் வரும். இரண்டையும் பிரித்தறிய எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும், சில சமயம் கதீட்டரும் வேண்டும். சிரையை மட்டும் நம்பி, உறைதான் காரணம் என்று அறுவை சிகிச்சைக்கு அனுப்புவது மடத்தனம்.

பார்ப்பதில் ஒரு பொறி உண்டு. நோயாளியை 45 பாகை சாய்த்து, கழுத்தின் வலப்பக்கம் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். அழுத்தம் மிக அதிகமானால் சிரையின் உச்சி தாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "ஜே.வி.பி. நார்மல்" (கழுத்துச் சிரை அழுத்தம் இயல்பு) என்று அப்போதுதான் தவறாக எழுதப்படுகிறது. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்தால் உச்சி கண்ணில் படும்.

எக்கோ வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் 2001இல் டிராஸ்னர் குழு வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். இதயம் தளர்ந்த 2,569 பேரின் பதிவுகளை அலசியபோது, கழுத்துச் சிரை உயர்ந்திருந்தவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் கூடுதலாக இருந்தன. கால் வீக்கம், மூச்சிரைப்பு என்று டாக்டரிடம் போகிறவர்கள் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். அவர் கழுத்தைப் பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள்.