மாமல்லபுரம் கலங்கரை விளக்கம்: குன்றும் கூதிர்காலக் காட்சியும்

தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரத்துக் கருங்கல் குன்றின் மேல் நிற்கும் வட்டக் கற்கோபுரம் இது. உயரம் சுமார் 26 மீட்டர். அதே பாறைமுகட்டில், சில எட்டுத் தொலைவில், பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயில் உள்ளது. கோபுரம் எழுவதற்கு முன் கப்பல்களுக்கான விளக்கு எரிந்தது அந்தக் கோயிலின் கூரையில்தான். இங்கிருந்து பார்க்கக் கிடைக்கும் காட்சி ஆண்டு முழுவதற்கும் உரியது என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களான கூதிர்காலத்தில்தான் அது முழுமை பெறுகிறது.

அமைவிடம்

இலங்கையின் வடக்கே உள்ள யாழ்ப்பாணத் தீவுப்பகுதியையும் இந்த மாமல்லபுரக் கரையையும் நனைப்பது ஒரே வடகிழக்குப் பருவமழைதான். நிலத்தின் அமைப்பு மட்டும் வேறு. அத்தீவுப்பகுதியின் புளியங்கூடல், ஊர்காவற்துறை, நெடுந்தீவு ஆகிய இடங்களில் குன்று என்று சொல்ல ஏதும் இல்லை. ஆதலால் அங்குள்ள காரைநகர்க் கோவளத்தில் 1916இல் எழுந்த வெளிச்சவீடு தன் உயரம் முழுவதையும், சுமார் 30 மீட்டரை, கட்டடமாகவே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மாமல்லபுரத்தில் அந்த வேலையின் பாதியைப் பாறையே செய்துவிடுகிறது.

தொடக்கக் காலம்

சங்க இலக்கியத் தொகுப்பில் அடங்கும் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் இருந்த நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைச் சொல்கிறது. ஏணி சாத்தி ஏற வேண்டிய உயர்ந்த மாடம், அதன் உச்சியில் இரவில் ஏற்றிய விளக்கு, அதைக் கண்டு துறை சேரும் கலங்கள் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இத்துறை மாமல்லபுரமே என்று கருதுவோர் உண்டு. வேறிடம் என்போரும் உண்டு.

ஒலக்கண்ணேசுவரர் கோயிலை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தோடு இணைக்கும் வழக்கு இன்றும் நிலவுகிறது. கட்டட அமைப்பை ஆய்ந்தோர் பெரும்பாலும் இதை இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மனுக்கு, அதாவது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரியதாகக் கொள்வர். மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, வெட்டிய கற்களை அடுக்கி இது கட்டப்பட்டது. புறச்சுவர்களில் தட்சிணாமூர்த்தியும் கயிலையைப் பெயர்க்கும் இராவணனும் உள்ளனர். விமானத்தின் மேற்பகுதி அழிந்துவிட்டது. பல்லவர் காலத்திலேயே இங்கு கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினர் என்பது பரவலான நம்பிக்கை. உறுதியான சான்றாக ஏற்கத்தக்க கல்வெட்டு எதையும் அதற்கு எவரும் காட்டியதில்லை.

விசயநகர காலத்தில் இதே குன்றின் மேல் தொடங்கிய இராயகோபுரம் முடிவுபெறாமல் நின்றுவிட்டது.

மாலுமிகளின் அடையாளம் (1746–1900)

இக்குன்றைப் பற்றிய சான்றுகள் பெருகுவது ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே. சோழமண்டலக் கரை தட்டையானது. சென்னைக்கு வரும் கப்பலில் இருந்தவர்களுக்கு, மணல்மேட்டுக்கும் பனைகளுக்கும் மேலே தெரியும் இந்தப் பாறையும் அதைச் சூழ்ந்த கோயில்களும் வழிகாட்டும் குறிகளாயின. ‘ஏழு கோயில்கள்’ என்ற பொருளில் மாலுமிகள் இட்ட பெயர் வரைபடங்களிலும் ஏறியது. அந்த ஏழு எவை என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

1772இலும் 1776இலும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்சு, நினைவிலிருந்து எழுதிய கட்டுரை 1788இல் ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. சமவெளியிலிருந்து திடீரென எழும் இக்குன்றுதான் வருவோரின் கண்ணை முதலில் ஈர்ப்பது என்கிறார் அவர். ஊர் முதியோர் அவரிடம் சொன்ன செய்தி ஒன்றும் அதில் உண்டு. முன்பு கடலுக்குள் தொலைவில் சில கோயில்களின் உச்சிகள் தெரிந்தனவாம். அவை செம்புத் தகடு போர்த்தியவையாதலால் சூரிய உதயத்தில் மின்னுமாம். பின்னர் செம்பில் களிம்பு ஏறியதால் அந்த ஒளி மறைந்துவிட்டதாம். வந்தவர் கேள்விக்கு ஊரார் களிம்பைக்கூட விடாமல் காரணம் சொல்லியிருப்பது இப்பதிவை மற்றவற்றிலிருந்து தனித்து நிறுத்துகிறது. 2002இல் கடலடியில் நடந்த ஆய்வில் கட்டுமானச் சிதைவுகள் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சேம்பர்சு கேட்ட கோயில்கள் அவைதாமா என்பது முடிவாகவில்லை.

பாய்மரக் காலத்தில் கூதிர் என்பது கப்பல் வராத பருவம். 1746 அக்டோபரில் சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுக் கடற்படை, ஒரே இரவுப் புயலில் பல கப்பல்களை இழந்தது. வடகிழக்குக் காற்று கரையை நோக்கி வீசுவதால், துறைமுகச் சுவர் இல்லாத அக்காலச் சென்னையில் நங்கூரமிட்ட கலங்களுக்குத் தப்பும் வழி இல்லை. ஆகவே அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடியை இறக்கி, டிசம்பர் நடுவரை யாரும் நங்கூரமிட வேண்டாம் என்று எச்சரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. குன்றின் மேலிருந்து பார்வை மிகத் தெளிவாகச் செல்லும் மாதங்களில், பார்க்கக் கடலில் பாய் எதுவும் இருக்கவில்லை.

நீராவிக் கப்பல்கள் இந்த அட்டவணையைக் கலைத்தன. மழைக்காலத்திலும் கரையோரம் கலங்கள் ஓடத் தொடங்கவே நிலையான விளக்கு தேவைப்பட்டது. 1887இல் ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் விளக்கு அமைந்தது. சிகரம் இழந்த கோயில் என்பதால் அதன் தட்டையான மேல்தளமே மேடையாகப் பயன்பட்டது. அடுத்து, உள்ளூர்க் கருங்கல்லில் இன்றைய கோபுரம் கட்டப்பட்டது. அது எந்த ஆண்டில் முழுச் செயல்பாட்டுக்கு வந்தது என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. 1900 முதல் 1904 வரையான ஆண்டுகள் சொல்லப்படுகின்றன.

கூதிர்காலக் காட்சி

மழை விட்ட காலையில் புழுதி அடங்கியிருக்கும். கிழக்கே கடற்கரைக் கோயிலின் இரு விமானங்களும், அவற்றுக்கு அப்பால் கரையோரம் சேறு கலந்து பழுப்பேறி, தொலைவில் கருநீலமாகும் கடலும் தெரியும். மேற்கே குன்றின் அடியில் கோனேரிக் குளத்தில் நீர் ஏறியிருக்கும். அதற்கு அப்பால் பக்கிங்காம் கால்வாயும் உவர்நிலமும் வயல்களும் விரியும். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து பார்வையாளர்கள் படகேறி வந்தது இக்கால்வாய் வழியாகத்தான். தெற்கே ஐந்து இரதங்கள், வானம் தெளிந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம். வடக்கே மணற்கரையும் சவுக்குத் தோப்புகளும்.

நனைந்த கருங்கல் கோடையில் தெரியும் வெளிர்நிறத்தை இழந்து கறுத்துவிடும். அப்போது பாறையில் உளி ஏறிய இடமும் ஏறாத இடமும் தனித்தனியே தெரியும். முடிக்காமல் விட்ட பல்லவர் வேலைகளை மேலிருந்து அடையாளம் காண இதைவிட நல்ல பருவம் இல்லை.

அண்மைக் காலம்

மாமல்லபுரச் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாதுகாப்புக் காரணங்களால் நெடுநாள் மூடியிருந்த கோபுரம் 2011 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இவ்வூரில் சந்தித்தனர். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. ஒலக்கண்ணேசுவரர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலும், கலங்கரை விளக்கம் அதற்குரிய நடுவண் இயக்ககத்தின் பொறுப்பிலும் உள்ளன.