திருச்சி டூ யாழ்ப்பாணம்: எவ்வளவு தூரம்? ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்?

திருச்சியிலிருந்து கோவை எவ்வளவு தூரமோ, வான்வழியில் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். நம்ப முடியலையா?

தூரம்: திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 185 கி.மீ.

பயண நேரம்: டிக்கெட்டில் சுமார் 1 மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் இதில் அடக்கம்.

எந்த விமானம்? பலாலி ஓடுபாதை சின்னது. அதனால் ஏடிஆர் ரக சிறிய விமானம்தான். 2025 மார்ச் 30-ல் இண்டிகோ இந்த நேரடி சேவையைத் தொடங்கியது.

என்ன லாபம்? கொழும்பில் இறங்கினால், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு சாலையில் கிட்டத்தட்ட 400 கி.மீ. போகணும். பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் சுமார் 17 கி.மீ. தான். அங்கே சொந்தபந்தம் இருக்கிறவங்களுக்கு இது ஒரு பகல் பயணத்தையே மிச்சப்படுத்தும்.

கவனிக்க: பக்கத்து ஊர் தூரம்னாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் கட்டாயம். 3 மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டில் இருக்கணும். அதனால் வீட்டு வாசலில் இருந்து கணக்குப் போட்டால் அரை நாள் ஆகிடும். டிக்கெட் போடும் முன் இலங்கை விசா விதிகளையும் அன்றைய விமான நேரத்தையும் சரிபார்த்துக்கோங்க. கடிகாரத்தை மட்டும் மாற்ற வேண்டாம், ரெண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்!