ஜீப் போன பின்னும் மிஞ்சிய ஸ்பனர்: பழைய ரூல் கிட்களைத் தேடிச் சேர்ப்பவர்கள்

குண்டசாலையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து மகியங்கனை வீதிக்கு இறங்கும் வழியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே பழைய லான்ட் ரோவர் ஒன்று நிற்கும். அதன் உரிமையாளர் தேயிலைத் தோட்டமொன்றின் வேர்க்சொப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற மலையகத் தமிழர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அவர் வாகனத்தை விட்டுவிட்டு, மேசையில் விரித்திருந்த ஒரு கன்வஸ் உறையைத்தான் எனக்குக் காட்டினார். பைகள் தைத்த நீளமான துணி. ஒவ்வொரு பையிலும் ஒரு ஸ்பனர். ஒரு பை மட்டும் வெறுமையாக இருந்தது.

"வண்டிய யாரும் வாங்கலாம் தம்பி. வண்டியோட வந்த சாமானத்தத் தேடுறதுதான் கஷ்டம்" என்றார்.

வெறுமையாக இருந்தது பிளக் கழற்றும் பொக்ஸ் ஸ்பனருக்கான பை. அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்தவர். 1996 இல் ஒருமுறை, 2008 இன் இறுதியில் மறுமுறை என்று கராஜை விட்டு ஓடினோம். 2009 மே மாதம் நாங்கள் வெளியே வந்தபோது கராஜின் பொருட்களில் மிஞ்சியது அந்த ஸ்பனர் ஒன்றுதான். அம்மாவின் உடுப்புப் பைக்குள் கிடந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஸ்பனரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை.

ரூல் கிட்டில் என்ன இருந்தது?

லான்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. 1958 வரை வந்தவை முதலாம் தொடர். அதன் பின் 1971 வரை இரண்டாம் தொடரும் 2ஏ வகையும், 1971 முதல் 1985 வரை மூன்றாம் தொடரும் வந்தன. வாங்குபவர் கராஜ் இல்லாத இடங்களில் ஓடப்போகிறார் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஆகவே வாகனத்தோடு கருவிகளும் வந்தன. ஜக், வீல் பிறேஸ், ஸ்ராட்டிங் ஹான்டில், ரயருக்குக் காற்றடிக்கும் பம்ப், கிறீஸ் கன், குறடு, ஸ்குரூ டிரைவர், அட்ஜஸ்டபிள் ஸ்பனர், பிளக் ஸ்பனர், அதைத் திருப்பும் சிறிய இரும்புக் கம்பி என்பன ஆரம்பகாலத் தொகுப்புகளில் இருந்தவை. காலம் செல்லச் செல்ல இந்தப் பட்டியல் சுருங்கியது.

இவற்றுள் ஸ்ராட்டிங் ஹான்டில் எங்கள் ஆட்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லாதது. முன் பம்பரில் உள்ள துளையூடாக நுழைத்து எஞ்சினைக் கையால் சுற்றும் கம்பி. யாழ்ப்பாணத்தில் 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி பலவீனமான வாகனத்துக்கு அந்தக் கம்பிதான் உயிர். இன்று அதைக் கையில் எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து அழுத்த வேண்டாம். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

மலைநாட்டுக்கு வந்த வழி

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் ஓடியது வில்லிஸ் ஜீப்பில். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் ஆகிய இரண்டு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. கோடரியும் மண்வெட்டியும் உடலின் வெளிப்பக்கத்தில் கட்டப்பட்டிருக்கும். ஏனைய கருவிகளுக்குப் பின்மூலைகளில் பெட்டிகள் உண்டு.

போருக்குப் பின் தேயிலைத் தோட்டங்களின் செங்குத்துப் பாதைகளில் லான்ட் ரோவர் துரைமாரின் வாகனமானது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் வாகனம் பதிவேட்டில் இருந்தது. ஆனால் அதன் ரூல் கிட்டை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு ஸ்பனர் வேர்க்சொப்புக்கு, ஒரு குறடு லயத்துக்கு, ஜக் இன்னொரு லொறிக்கு என்று பிரிந்து போயின. எங்கள் பக்கத்தில் இடப்பெயர்வு ஓரிரவில் செய்ததை இங்கே காலம் மெதுவாகச் செய்திருக்கிறது.

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் திருத்தி எடுப்பது பெருகியது. அவற்றோடு பழைய கருவிகளுக்கும் ஒரு மதிப்பு வந்தது.

அசலை எப்படி அறிவது?

முதலில் வாகனத்தின் ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கத்தகடு ஒரு தடயம். 1957 இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து தகட்டில் ஏறியது. அதற்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டமும், அதைத் தொடர்ந்த 1958 வன்முறையும் நமக்குத் தெரிந்த வரலாறு. அதற்கு முந்திய தகடுகளில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. 1957 இற்கு முந்திய அந்த ஆங்கில எழுத்துத் தகட்டோடு நிற்கும் லான்ட் ரோவர் என்றால் முதலாம் தொடராகத்தான் இருக்கும்.

அடுத்தது அளவு. முதலாம் தொடரின் ஆணிகள் பெரும்பாலும் பழைய பிரித்தானிய அளவுகளில் உள்ளவை. அந்த ஸ்பனர்களில் உள்ள எண் ஆணித்தண்டின் விட்டத்தைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. ஒரே வாயில் 1/4 என்று விற்வேர்த் அளவும், 5/16 என்று பி.எஸ்.எப். அளவும் சேர்த்துப் பொறித்திருப்பது இதனால்தான். பின்னர் வந்த அங்குல ஸ்பனர்களில் எண் வாயின் அகலத்தைக் குறிக்கும். முதலாம் தொடர் கிட் என்று விற்கப்படுவதில் மில்லிமீற்றர் ஸ்பனர் இருந்தால் அது பின்னர் யாரோ சேர்த்தது.

மூன்றாவது பொறிப்பு. போர்ட் செய்த ஜீப்பின் கருவிகளிலும் ஆணிகளிலும் 'எப்' என்ற எழுத்து இருக்கும். பழைய ரொயோட்டா லான்ட் குறூசர் கருவிகளில் 'ரி.ஈ.கியூ.' போன்று ஒரு சின்னம் தெரியும். அது ஆங்கிலம் அல்ல. 'டொயோட்டா' என்பதை யப்பானிய எழுத்தில் வளைத்து வரைந்தது. லான்ட் ரோவர் கிட்களில் கருவி செய்த பிரித்தானியக் கம்பனிகளின் பெயர்களைப் பார்க்கலாம். எந்த ஆண்டுக்கு எது என்பதற்கு அந்த ஆண்டின் ஓனர்ஸ் மனுவலும் உதிரிப்பாகப் பட்டியலும்தான் சாட்சி. விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

புதிதாகச் செய்த நகல்களும் சந்தையில் உண்டு. நகல் என்று சொல்லி விற்றால் தவறில்லை. பழையதில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், கை பிடித்த இடம் வழவழப்பாக இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் துருப்பிடித்த 'பழைய' ஸ்பனரைச் சந்தேகியுங்கள்.

துருவை எடுப்பது

கண்டியின் ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். கிரைண்டர் பிடிக்க வேண்டாம், பொறிப்பு அழிந்துபோகும். புதிதாக முலாம் பூசவும் வேண்டாம். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பெயின்ற் மிஞ்சியிருந்தால் துணியால் துடைத்து எண்ணெய் தடவுவதோடு நிறுத்துங்கள். வெறும் இரும்பு என்றால் வினாகிரியில் ஊறவிட்டு, இடையிடையே எடுத்துப் பார்த்து, பழைய பல் பிரஷால் தேய்க்கலாம். பின் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். கன்வஸ் உறையைக் காயாமல் சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய ஜக்கைக் காட்சிக்கு வையுங்கள். அதை நம்பி வாகனத்துக்குக் கீழே போகாதீர்கள்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது

கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள், பழைய இரும்புக் கடைகள், மூடிய கராஜ்கள் ஆகியவைதான் வழமையான இடங்கள். குண்டசாலை ஐயா தன் கிட்டில் பாதியை இரும்புக் கடைகளில் நிறைக்கு வாங்கியதாகச் சொன்னார்.

வன்னியில் தேடுவது வேறு விடயம். முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டு, எரிந்து, குவிந்து கிடந்த வாகனங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. காலப்போக்கில் பல இரும்பாகவே போயின. மண்ணுக்குள் இன்னும் இரும்பு இருக்கிறது, வெடிபொருளும் இருக்கிறது. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் காயப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. ஆகவே இரண்டு விதிகள். தோண்டி எடுத்த சாமானை வாங்க வேண்டாம்; வாங்கினால் இன்னொருவர் தோண்டப் போவார். இடப்பெயர்ந்தவர் ஒருவரின் வாகனத்தின் பாகம் என்று தெரிந்தால், விலை பேச முன் உரியவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

ஸ்பனர் யாருடையது?

அடுத்த முறை கிளிநொச்சி போய் வந்தபோது அப்பாவின் ஸ்பனரைக் கொண்டுவந்து ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறிப்பு எதுவும் மிஞ்சவில்லை.

"லான்ட் ரோவரோடதா இருக்கலாம் தம்பி. மொறிஸ் மைனரோடதாவும் இருக்கலாம். பிளக் அளவு ஒண்ணுதான். இத வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது."

அப்பாவுக்கு அங்கிருந்தே கோல் எடுத்தேன்.

"அது சங்கத்து லான்ட் ரோவரின்ர. எஞ்சின் முடிஞ்சு எங்கட கராஜில நிண்டது. சீற்றுக்குக் கீழ கிடந்ததை நான்தான் எடுத்தனான்" என்றார். ஆண்டு கேட்டேன். "நீ பிறக்க முதல்" என்றார். அதற்குமேல் அவருக்கு ஞாபகமில்லை.

வாகனம் இல்லை, அதன் புத்தகம் இல்லை, கராஜின் கணக்குக் கொப்பியும் இல்லை. அந்த இரும்பு எதனுடையது என்பதற்கு இப்போது இருக்கும் ஒரே ஆதாரம் 70 வயதைத் தாண்டிய ஒருவரின் ஞாபகம். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அது நிறைக்கு விற்கும் இரும்பு.

ஐயா விலை கேட்கவில்லை. நானும் கொடுப்பதாகச் சொல்லவில்லை. தன் பெட்டிகளில் கட்டும் அட்டை ஒன்றை எடுத்துத் தந்து, "இதுல எழுதி இதோட கட்டி வைங்க" என்றார். அவருடைய ஒவ்வொரு கருவியிலும் அப்படி ஓர் அட்டை உண்டு. எந்தத் தோட்டம், யாரிடமிருந்து, எந்தத் திகதி.

உங்கள் வீட்டில், கோடிப்புறத்தில், பழைய ட்ரங்குப் பெட்டியில் இப்படி ஒரு ஜக்கோ ஹான்டிலோ கிடந்தால், இரும்புக்காரர் வர முன் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். எந்த வாகனத்தோடு வந்தது? அந்த வாகனம் எங்கே, யாரிடம் ஓடியது? எந்த இடப்பெயர்வில் கூட வந்தது? சொன்னவர் யார், எப்போது சொன்னார்? பிறகு விற்பதா வைப்பதா என்று முடிவு செய்யலாம். கேட்பதற்கு ஆட்கள் இருக்கும்போது கேட்பதுதான் அவசரம்.

ஸ்பனர் என் மேசையில் இருக்கிறது. அட்டையில் ஆண்டுக்கான இடத்தில் அப்பா சொன்னதையே எழுதியிருக்கிறேன்: நான் பிறக்க முதல்.