சாகாத சோதிடருக்குச் சாவு நாள் குறித்த பஞ்சாங்கம்

சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்கள் வீட்டுக்குப் போனால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நூல் போட்டுக் கட்டிய கட்டுகள் தெரியும். எங்கள் ஓய்வூதியக்காரர் வட்டத்திலும் நாலைந்து பேர் இப்படிப் புத்தகம் போட்டார்கள். வெளியீட்டு விழாவில் பொன்னாடை, வாழ்த்துரை, காபி எல்லாம் இருந்தன. வந்தவர்களுக்கு அன்பளிப்புப் பிரதியும் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் கட்டிலுக்கு அடியில்.

எழுதியவரே அச்சிட்டு, எழுதியவரே விற்க வேண்டும் என்றால் என்ன செய்வது? சுமார் 290 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். சிரிப்புதான் அந்த மருந்து. அதற்குப் பக்கவிளைவும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

அவர் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். இடிதாங்கி கண்டுபிடித்தவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எனக்கு அவர் முதலில் 'பொனோம் ரிஷார்' என்ற பெயரோடுதான் அறிமுகமானார். 'பொனோம்' என்றால், 'பாவம், நல்ல மனுஷன்' என்று நாம் ஒருவரைச் சொல்வோமே, ஏறக்குறைய அந்தத் தொனி. அந்த ரிஷார் யாரென்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

பிராங்க்ளின் 1706-ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். அண்ணன் நடத்திய அச்சகத்தில் வேலை கற்றுக்கொண்டு, அவரோடு ஒத்துப்போகாமல் 1723-ல் 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவந்தார். 1728-ல் ஒரு கூட்டாளியோடு சொந்த அச்சகம் தொடங்கினார். மறு வருஷம் 'பென்சில்வேனியா கெஜட்' என்ற செய்தித்தாளையும் வாங்கினார். கையில் காசு இல்லை, கடன்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் அச்சகத்துக்கு நிச்சயமாகச் சோறு போட்டது பஞ்சாங்கம். அவர்கள் அதை 'அல்மனாக்' என்பார்கள். சந்திரன் தேயும் வளரும் நாள், கடல் ஏறும் இறங்கும் நேரம், கோர்ட்டு கூடும் தேதி, சந்தை நாள், மழையா வெயிலா என்ற கணிப்பு எல்லாம் அதில் இருக்கும். சாதாரண ஜனங்கள் இதைத் தவிர வேறு புத்தகம் வாங்குவதே அபூர்வம் என்று பிராங்க்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிராங்க்ளின் அச்சகத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் வந்துகொண்டிருந்தது. அதைக் கணித்தவர் தாமஸ் காட்ஃப்ரே. கண்ணாடி வேலை செய்பவர், கணிதத்தில் புலி. பிராங்க்ளின் வீட்டிலேயே ஒரு பகுதியில் குடியிருந்தார். காட்ஃப்ரேயின் மனைவி தன் உறவுப் பெண்ணைப் பிராங்க்ளினுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். பிராங்க்ளின் கேட்டதைக் கேளுங்கள்: அச்சகக் கடன் அடைபடுகிற அளவுக்கு, சுமார் 100 பவுன் வரதட்சணை வேண்டும். அவ்வளவு பணம் இல்லை என்றார்கள் பெண் வீட்டார். வீட்டை அடமானம் வைக்கலாமே என்றார் இவர். சம்பந்தம் முறிந்தது. காட்ஃப்ரே குடும்பம் கோபித்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தது. வரதட்சணை நம்மூர்ச் சரக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவன் நான்!

பின்னாளில் காட்ஃப்ரேயின் பஞ்சாங்கமும் போட்டி அச்சகமான பிராட்ஃபோர்டிடம் போய்விட்டது. ஆண்ட்ரூ பிராட்ஃபோர்டு ஊர்த் தபால் அதிகாரியும்கூட. தன் தபால்காரர்கள் பிராங்க்ளினின் செய்தித்தாளை எடுத்துச் செல்லக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார். இவர் தபால்காரர்களுக்குத் தனியாகக் கையில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரில் ஏற்கெனவே பல பஞ்சாங்கங்கள் இருந்தன. இந்த நிலையில்தான் 1732 டிசம்பரில், 1733-ம் வருஷத்துக்கான தன் சொந்தப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார் பிராங்க்ளின். 24 பக்கம். பெயர் 'ஏழை ரிச்சர்டு'. எழுதுவதும் அவரே, அச்சடிப்பதும் அவரே, விற்பதும் அவரே.

ஆனால் தன் பெயரைப் போடவில்லை. ரிச்சர்டு சாண்டர்ஸ் என்று ஒரு ஏழைச் சோதிடரைக் கற்பனையாகப் படைத்தார். அவருக்கு பிரிட்ஜெட் என்று ஒரு மனைவி. முன்னுரையில் அந்த ரிச்சர்டு பேசுகிறார். பொதுநலனுக்காக எழுதுகிறேன் என்று மற்றவர்களைப் போலப் பொய் சொல்லமாட்டாராம். அவரோ பரம ஏழை, மனைவியோ பெருமை பிடித்தவள். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அத்தனை புத்தகத்தையும் கருவியையும் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டுகிறாளாம். அதனால்தான் பஞ்சாங்கம் எழுத வந்தாராம். நாலு காசு சம்பாதிக்க எழுதுகிறேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டவரை யார் குறை சொல்ல முடியும்?

அடுத்தது பெரிய வெடி. அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற பஞ்சாங்கக்காரர் டைட்டன் லீட்ஸ். அப்பா காலத்திலிருந்து அவர்களுக்கு அதுதான் தொழில். ஏழை ரிச்சர்டு அவரைத் தன் ஆருயிர் நண்பர் என்கிறார். அந்த நண்பர் 1733 அக்டோபர் 17 பிற்பகல் 3 மணி 29 நிமிடத்துக்கு, சூரியனும் புதனும் சேரும் அதே கணத்தில், இறந்துபோவார் என்று கணித்துச் சொல்கிறார். லீட்ஸின் சொந்தக் கணக்குப்படி அந்த மாதம் 26 வரை உயிரோடு இருப்பாராம். இந்த ஒன்பது நாள் வித்தியாசம்தான் இருவருக்கும் சச்சரவாம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சித் தேதியில் வருகிற தகராறு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். யார் கணக்குச் சரி என்று அறிய ஊரே காத்திருக்க வேண்டியதாயிற்று. தன் செய்தித்தாளில் புதுப் பஞ்சாங்கத்துக்கு விளம்பரம் கொடுத்தபோது, இந்தச் சாவுக் கணிப்பையும் சரக்குப் பட்டியலில் சேர்த்தே போட்டார் பிராங்க்ளின்.

இது அவருடைய சொந்த யோசனை அல்ல. 1708-ல் இங்கிலாந்தில் ஜோனதன் ஸ்விஃப்ட், ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற பொய்ப்பெயரில், பார்ட்ரிட்ஜ் என்ற பஞ்சாங்கக்காரர் மார்ச் 29 இரவு 11 மணி சுமாருக்குக் காய்ச்சலில் இறப்பார் என்று எழுதினார். நாள் கடந்ததும் இறந்துவிட்டார் என்றும் செய்தி வெளியிட்டார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அந்த மனிதர் சொல்லியும் ஊர் சிரிப்பை நிறுத்தவில்லை. ஸ்விஃப்ட் செய்தது கேலி. பிராங்க்ளின் அதை வியாபாரமாக்கினார்.

அக்டோபர் 17 வந்தது, போனது. லீட்ஸ் சாகவில்லை. 1734-க்கான தன் பஞ்சாங்கத்தில், தான் உயிரோடு இருப்பதையும் ரிச்சர்டு ஒரு முட்டாள், பொய்யன் என்பதையும் கோபமாக எழுதினார். ரிச்சர்டு விரித்த வலையில் அவரே போய் விழுந்தார். ரிச்சர்டு அடுத்த முன்னுரையில் வெகு மரியாதையாகப் பதில் சொன்னார்: வீட்டு வேலையால் நண்பரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியவில்லை, அதனால் இறந்தாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் லீட்ஸ் பெயரில் வந்திருக்கும் புத்தகத்தில் என்னைத் தரக்குறைவாகத் திட்டியிருக்கிறது. என் நண்பர் பண்பானவர், அப்படி எழுதவே மாட்டார். ஆகவே அவர் இறந்துதான் இருக்க வேண்டும். லீட்ஸ் எவ்வளவு கத்துகிறாரோ அவ்வளவுக்கு அவர் இறந்தது உறுதியாகிவிடும். எப்பேர்ப்பட்ட பொறி!

ஓய்வூதியம் வாங்கும் அன்பர்களுக்கு இந்த வேதனை புரியும். வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறோம் அல்லவா? லீட்ஸ் ஒவ்வொரு வருஷமும் வாசகர்களுக்கு அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வேலை பார்த்த நாளில் ஒரு பெரியவர் பெயருக்கு நேரே யாரோ 'காலமானார்' என்று ஏற்றிவிட்டார்கள். ஐந்து மாதம் பணம் நின்றுபோயிற்று. அவரே நேரில் வந்து நின்றார். ஆள் நின்றால் போதாது, காகிதம் வேண்டும் என்றார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த சிலர் சிரித்தார்கள். அந்தப் பக்கம் நின்றவர் முகத்தை நான் பார்த்தேன். அதிலிருந்து லீட்ஸ் கதையை முழு மனதாக ரசிக்க என்னால் முடிவதில்லை.

லீட்ஸ் நிஜமாகவே 1738-ல் இறந்தார். உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்று சொன்னால் ஆயுசு கூடும் என்பார்கள் நம் பாட்டிமார்கள். அவருக்குக் கூடியது ஐந்து வருஷம்தான். அப்போதாவது பிராங்க்ளின் நிறுத்தினாரா? இல்லை. 1740-ம் வருஷப் பஞ்சாங்கத்தில் லீட்ஸின் ஆவி ரிச்சர்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறது: நீர் சொன்ன நேரத்தில்தான் நான் இறந்தேன், 5 நிமிடம் 53 விநாடிதான் வித்தியாசம் என்று. படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் திருப்பிப் பதில் சொல்ல அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. இதைத்தான் பக்கவிளைவு என்று ஆரம்பத்தில் சொன்னேன்.

ஆனால் அந்தப் பஞ்சாங்கம் லீட்ஸை வைத்து மட்டும் ஓடவில்லை. இரண்டாம் வருஷ முன்னுரையில் ரிச்சர்டு வாசகர்களுக்கு நன்றி சொல்கிறார். நீங்கள் வாங்கியதால் என் மனைவி சொந்தமாக ஒரு பானை வாங்கிவிட்டாள், இனிப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்க வேண்டாம். அவளுக்கு ஒரு ஜோடி செருப்பும் புதுத்துணியும் வந்தன. எனக்கு ஒரு பழைய கோட்டு கிடைத்தது, இனி டவுனுக்குப் போக வெட்கமில்லை. தான் கொடுத்த காசு எந்த வீட்டில் பானையாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வாசகனுக்குக் காட்டிவிட்டார்! அடுத்த வருஷமும் அவன் வாங்காமல் இருப்பானா?

வானிலைக் கணிப்பு பொய்த்தால்? ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே பொறுத்துக்கொள்ளுங்கள், அப்படியும் நடக்காவிட்டால் தப்பு அச்சகத்துக்காரருடையது என்றார். அச்சகத்துக்காரரும் அவர்தான்! லாபத்தில் பெரும்பங்கை அச்சகத்துக்காரரே கொண்டுபோகிறார் என்று இன்னொரு முறை புலம்பினார். ரிச்சர்டு என்று ஒரு ஆளே கிடையாது என்கிறார்களே என்றும் ஒருமுறை அங்கலாய்த்தார்.

எனக்குப் பிடித்தது 1738-ம் வருஷத்து முன்னுரை. அதை எழுதுவது மனைவி பிரிட்ஜெட். கணவர் பஞ்சாங்கத்தை மூடி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறார். சந்தேகப்பட்டுப் பிரித்துப் பார்த்தால் முன்னுரையில் வழக்கம்போல இவளைப் பற்றிய கேலி. அதை அடித்துவிட்டு இவளே எழுதுகிறாள். கையோடு உள்ளே போட்டிருந்த மழை நாட்களையும் பார்க்கிறாள். மனுஷன் மழையாகப் போட்டு வைத்திருக்கிறார், பெண்கள் துணி காயப்போட வேண்டாமா என்று அங்கங்கே நல்ல வெயில் நாட்களைத் தூவிவிடுகிறாள். ஐந்து வருஷமாகக் கேலி கேட்ட பெண்ணுக்குப் பேச ஒரு பக்கம் கிடைத்தது. லீட்ஸுக்குக் கிடைக்காதது அது.

வருஷத்துக்குச் சுமார் 10,000 பிரதி விற்றதாகப் பிராங்க்ளின் சொல்கிறார். 25 வருஷம் நடத்தினார். 1748-ல் 42 வயதிலேயே அச்சக வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற அளவுக்கு வசதி வந்தது. கடைசிப் பஞ்சாங்கமான 1758-ன் முன்னுரையில் பழைய பொன்மொழிகளை எல்லாம் ஒரு கிழவர் பேச்சாகத் தொகுத்தார். அதுதான் பிரெஞ்சில் 'பொனோம் ரிஷார்' ஆகிப் பாரிஸ் வரை போனது.

நம்மோடு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 1779-ல் ஜான் பால் ஜோன்ஸ் என்ற கடற்படைத் தளபதிக்குப் பிரான்சு ஒரு பழைய வணிகக் கப்பல் கொடுத்தது. பிராங்க்ளினைக் கௌரவிக்க அவர் அதற்குப் 'பொனோம் ரிஷார்' என்றே பெயர் வைத்தார். அந்தக் கப்பல் முதலில் பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. நம்மூரில் டூப்ளே கவர்னராக இருந்த அதே கம்பெனிதான். அந்த வருஷம் செப்டம்பரில் ஆங்கிலக் கப்பலோடு நடந்த சண்டையில் ஜோன்ஸ் ஜெயித்தார், ஆனால் கப்பல் மூழ்கிவிட்டது.

பிராங்க்ளின் அப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸ்ஸியில் இருந்தார். எழுபது தாண்டிய வயதிலும் வீட்டில் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வைத்து, நண்பர்களுக்காகச் சிரிப்புக் கட்டுரைகள் அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று அவருக்கும் அவருடைய மூட்டுவாத நோய்க்கும் நடக்கும் வாக்குவாதம். இந்தத் தடவை கேலிக்கு ஆளானது அவருடைய சொந்தக் கால்தான்.

நம் நண்பர்களில் யாராவது அடுத்த புத்தகம் போடுவதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்னுரையில் தமிழன்னைக்குத் தொண்டு செய்கிறேன் என்று எழுத வேண்டாம். அச்சுக்கூலி எவ்வளவு ஆயிற்று, வீட்டில் என்ன திட்டு கிடைத்தது, புத்தகம் விற்றால் என்ன வாங்குவதாக உத்தேசம் என்று எழுதுங்கள். திட்டியவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் புத்தகத்தை நான் அன்பளிப்பாக வாங்கமாட்டேன், விலை கொடுத்தே வாங்குவேன்.