தற்செயல் சந்திப்பு (பாத்திரமேற்று விளையாட்டு)

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திரமேற்று விளையாட்டுகளில், நடுவர் முன்கூட்டித் தீர்மானிக்காமல் பகடையும் அட்டவணையும் கொண்டு வரவழைக்கும் எதிர்ப்படலே தற்செயல் சந்திப்பு. ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் ஒரு காட்டையோ பாழடைந்த நிலவறையையோ கடந்துகொண்டிருக்கும்போது, நடுவர் குறித்த இடைவெளிகளில் பகடை உருட்டுகிறார். குறிப்பிட்ட எண் விழுந்தால் யாரோ எதிரே வருகிறார்கள். வருவது ஓநாய்க் கூட்டமா, வழிப்பறிக் கும்பலா, வழி தவறிய வணிகரா என்பதை இன்னொரு உருட்டு சொல்லும்.

இந்த முறை அச்சில் நிலைபெற்றது 1974-இல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து டிஎஸ்ஆர் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு கையேடுகளாக வந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். மூன்றாம் கையேடு நிலவறைக்குள் கழியும் நேரத்தைப் பத்து நிமிடச் சுற்றுகளாகப் பிரித்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆறுமுகப் பகடையில் 6 விழுந்தால் அலைந்து திரியும் பூதம் ஒன்று வந்து சேரும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்களோ அவ்வளவுக்குக் கொடியது. திறந்தவெளிப் பயணத்துக்கு அவலான் ஹில் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ என்னும் வேறொரு விளையாட்டின் பலகையையே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே சோதனை நாள் கணக்கில் நடக்கும். வெட்டவெளியில் 6 மட்டுமே ஆபத்து. சதுப்பு நிலத்தில் 4, 5, 6 எது விழுந்தாலும் ஆபத்துதான்.

விதி எளியது. அது ஏன் அங்கே இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. அன்றைய ஆட்டத்தில் அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலிலிருந்தே வந்தது: மீட்டுக் கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. புதையல் பூதங்களின் இருப்பிடங்களில் இருக்கும். வழியில் அலைபவற்றிடம் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஆகவே அலையும் பூதத்தோடு மோதினால் உடல் நலிவும் மந்திரச் செலவும்தான் மிச்சம், வரவு மிகக் குறைவு. ஒரு தீவட்டி எரிவதே ஆறு சுற்றுகள்தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முறையாவது 6 விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 66 விழுக்காடு. ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு கதவருகிலும் காது வைத்து நிற்பவர்களுக்கு, நிறுத்தி வைத்த ஆட்டோவின் வெயிட்டிங் சார்ஜ் போலச் செலவு ஏறிக்கொண்டே போகும். நிதானத்துக்கு ஒரு விலை வைத்ததால்தான், எதைத் தேடுவது, எதை விட்டுவிடுவது, எப்போது வெளியேறுவது என்பவை உண்மையான முடிவுகளாயின.

சந்திப்பு என்றால் சண்டை என்று பிற்காலத்தில் ஆனதற்கு மூல விதிகள் பொறுப்பல்ல. எதிர்ப்பட்டவர்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள், யார் யாரைத் திடுக்கிட வைத்தார்கள் என்று முதலில் பார்க்கப்படும். பிறகு இரு பகடைகளை உருட்டி எதிர்த்தரப்பின் மனநிலை அறியப்படும்: கூட்டுத்தொகை குறைந்தால் பகை, கூடினால் நட்பு, நடுவே விழுந்தால் தயக்கம். இரு பகடைகளில் நடு எண்களே அதிகம் விழும் என்பதால் பேச்சுக்கு எப்போதும் இடமிருந்தது. ஓடித் தப்பவும் விதிகள் இருந்தன. துரத்துபவர்களின் கவனத்தைத் திருப்ப உணவையோ புதையலையோ வீசி எறியலாம். இவையெல்லாம் தேவைப்பட்டன, ஏனெனில் வருபவர்களின் எண்ணிக்கை ஆட்டக்காரர்களின் வலிமைக்கு ஏற்ப அளந்து தரப்படவில்லை. திறந்தவெளியில் கோப்ளின்கள் 40 முதல் 400 வரை வரலாம்.

அடுத்த பத்தாண்டில் அட்டவணைகள் பெருகின. 1979-இல் வந்த, கைகாக்ஸ் எழுதிய ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நிலவறை, காடு, கடல், நகரம் என ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக அட்டவணை தந்தது. நகரத் தெருவில் இரவு எதிர்ப்படக்கூடிய பரத்தையரை வகை பிரித்துப் பட்டியலிட்ட அதன் பகுதி இன்றும் கேலிக்குள்ளாவது. அதே நூலில், நன்றாகத் திட்டமிட்டு ஆடும் குழுவின் பயணத்தை அலையும் பூதம் கெடுத்துவிடும் என்றால் பகடை சொன்னதை நடுவர் புறக்கணிக்கலாம் என்றும் கைகாக்ஸ் அனுமதித்தார். 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த அடிப்படைப் பதிப்பு சோதனையை இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை என்று தளர்த்தியது. ஒரு மணி நேர ஆபத்து சுமார் 42 விழுக்காடாக இறங்கியது. 1983-இன் இரண்டாம் ‘மான்ஸ்டர் மேனுவல்’ எட்டுமுகப் பகடையையும் பன்னிருமுகப் பகடையையும் சேர்த்து உருட்டும் அட்டவணைகளைக் கொண்டுவந்தது. இதில் 9 முதல் 13 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. 2-க்கும் 20-க்கும் தொண்ணூற்றாறில் ஒன்று. ஒரு நிலப்பரப்பில் எது அன்றாடம் காணப்படும், எது தலைமுறைக்கு ஒரு முறை தென்படும் என்பதை எண்களே சொல்லும் இந்த ஏற்பாடு, அட்டவணையை ஓர் ஊரைப் பற்றிய சுருக்கமான விவரிப்பாகவே ஆக்கியது.

எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. நிலவறை ஒன்றில், வேறு பூதங்களுக்கு நடுவே, எந்தக் காரணமுமின்றி ஒரு இரத்தக்காட்டேரி எதிர்ப்பட்டபோது, இது இங்கே என்ன செய்கிறது என்று விளையாட்டு வடிவமைப்பாளர் டிரேசி ஹிக்மனுக்குத் தோன்றியது. அந்தக் கேள்வியிலிருந்து அவரும் லாரா ஹிக்மனும் உருவாக்கியதே, காட்டேரிக்கு ஒரு கோட்டையும் வரலாறும் துயரமும் தந்த ‘ரேவன்லாஃப்ட்’ என்னும் சாகச நூல் (1983). அடுத்த ஆண்டு தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’ தொடர் ஆட்டத்தை ஒரு காவியக் கதையாக நடத்தியது. கதை முன்னே போக வேண்டிய ஆட்டத்தில் வழியில் குறுக்கிடும் ஓநாய்கள் தொல்லையாகத்தான் தெரியும்.

விதிகளும் அதே திசையில் நகர்ந்தன. 1989-இன் இரண்டாம் பதிப்பு பொற்காசுக்குப் புள்ளி தருவதை விருப்ப விதியாக்கியது. 2000-இன் மூன்றாம் பதிப்பு, குழுவின் வலிமைக்கு எதிரியை ஒப்பிடும் சவால் மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. புள்ளிகள் இப்போது வெற்றிகொண்ட எதிரிகளிடமிருந்து வந்தன. செலவாக இருந்த தற்செயல் சந்திப்பு இங்கே வருமானமாகிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2008-இன் நான்காம் பதிப்பில் ஒவ்வொரு சண்டையும் வரைபடத்தில் திட்டமிட்டு அரங்கேற்றப்படுவது; ஒரு சண்டை ஒரு மணி நேரம் இழுப்பது சாதாரணம். அத்தகைய ஆட்டத்தில் தற்செயலுக்கு நேரமே இல்லை.

இதற்கிடையே கணினி விளையாட்டுகள் இந்த முறையை வேறு வடிவில் பரப்பியிருந்தன. ‘விசார்ட்ரி’ (1981), ஜப்பானின் ‘டிராகன் குவெஸ்ட்’ (1986) ஆகியவற்றில் நடக்க நடக்கத் திடீரெனச் சண்டைத் திரை விரியும். பேச்சுவார்த்தைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. தற்செயல் சந்திப்பு சலிப்பூட்டுவது என்ற பெயருக்கு இவ்விளையாட்டுகளின் பங்கு பெரிது.

மீட்சி பழைய விதிகளுக்குத் திரும்பியவர்களிடமிருந்து வந்தது. ‘ஓஸ்ரிக்’ (2006), ‘லாபிரிந்த் லார்ட்’ (2007), பின்னர் ‘ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ (2019) ஆகியவை எழுபது, எண்பதுகளின் விதிகளைப் புதிதாகத் தொகுத்து அச்சிட்டன. இந்த வட்டாரத்தில் சந்திப்புப் பகடையின் எல்லா முகங்களுக்கும் வேலை தரும் வழக்கமும் பரவியது: ஒரு முகம் சந்திப்பு, ஒன்று காலடித் தடம் போன்ற முன்னறிகுறி, ஒன்று தீவட்டி அணைதல், ஒன்று களைப்பு. இதில் நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்கும் வேலை நடுவருக்குக் குறைகிறது.

முதன்மை விளையாட்டும் ஓரளவு திரும்பிப் பார்த்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழிகாட்டி, இருபதுமுகப் பகடையில் 18-க்குக் குறையாமல் விழுந்தால் சந்திப்பு என்றது. அதாவது 15 விழுக்காடு, 1974-இன் ஆறில் ஒன்றுக்கு மிக அருகில். எட்டுமுக, பன்னிருமுகப் பகடைகளின் அட்டவணையும் அதில் மீண்டும் இடம்பெற்றது. 2017-இல் ‘ஸனதார்ஸ் கைடு டு எவ்ரிதிங்’ நிலப்பரப்பு வாரியாக நீண்ட அட்டவணைகள் தந்தது; அதே ஆண்டு வந்த ‘டூம் ஆஃப் அனைஹிலேஷன்’ சுல்ட் என்னும் காட்டுத் தீபகற்பத்தை அறுகோணக் கட்டங்களில் கடக்கும் பயணமாக அமைந்தது. ஆனால் பொற்காசுக்குப் புள்ளி என்ற பழைய கணக்கு இப்பதிப்பில் இல்லை. நீண்ட ஓய்வு ஒன்று எடுத்தால் இழந்த உடல்நலம் முழுவதும் திரும்பிவிடும். நாளுக்கு ஒரு சண்டை மட்டுமே வரும் பயணத்தில் அந்தச் சண்டை பாத்திரங்களை உறுத்துவதில்லை என்பதால், காட்டுவழியில் நீண்ட ஓய்வைக் கட்டுப்படுத்தும் சொந்த விதிகளை நடுவர்கள் பலர் சேர்த்துக்கொள்கிறார்கள்.