மாதிரி ரயில்: கைவேலை வேகன்களும் நிலக்காட்சியும்

வீட்டில் அமைக்கும் மாதிரி ரயிலுக்கு வேண்டிய வேகன், நிலையம், மலை, மரம் முதலியவற்றை ஆயத்தமாக வாங்காமல் கையாலேயே செய்துகொள்ளும் கலை. அட்டை, மரச் சீவல், பிளாஸ்டிக் தகடு, பிளாஸ்டர், சாயமேற்றிய மரத்தூள் ஆகியவை இதன் மூலப்பொருள்கள். தொழிற்சாலைப் பொம்மையிலிருந்து பிறந்த இக்கலை வளர்ந்தது பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், வீட்டுப் பரண்களிலும் நிலவறைகளிலும். இதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு: ரயில் அச்சு அசலாக அமைந்த பிறகும், அது ஓட வேண்டிய ஊர் நெடுநாள் பிறக்கவில்லை.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தொடங்கிய மெர்க்லின் நிறுவனம், 1891 லைப்சிக் சந்தையில் குறிப்பிட்ட தண்டவாள அகலங்களைக் கொண்ட பொம்மை ரயிலைக் காட்சிக்கு வைத்தது. அகலம் நிலைப்பட்டதால், ஒருமுறை வாங்கிய பாதையோடு அடுத்த ஆண்டு இன்னும் சில துண்டுகளையும் பெட்டிகளையும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. பொம்மை சேகரிப்பாக மாறியது அங்கேதான். இங்கிலாந்தின் நார்தாம்டனில் 1899 வாக்கில் தொழில் தொடங்கிய பாசெட்-லோக், ஜெர்மன் தகரப் பொம்மைகள் ஆங்கில எஞ்சின்களைப்போல இருக்க வேண்டும் என்று கேட்டவர். பொறியாளர் ஹென்றி கிரீன்லி வரைபடம் போட, நூரம்பர்க்கின் பிங் நிறுவனம் செய்துகொடுத்தது. 1910இல் லண்டனில் மாதிரி ரயில் சங்கம் உருவானது. ஃபிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் 1920இல் வந்தன. இவற்றையெல்லாம் வாங்கியவர்கள் கம்பளத்தின் மேல் பாதை போட்டு ஓட்டினார்கள். குகை என்றால் தகரக் குகை, மலை என்றால் புத்தக அடுக்கு.

அளவைப் பற்றிய சண்டை இக்கலையின் நிரந்தர அங்கம். 1922இல் பிங் நிறுவனம் மேசைமேல் ஓடும் சிறிய ரயிலை விற்கத் தொடங்கியது. அந்த வழியில் நிலைபெற்ற 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதைக்குப் பொருத்தமான விகிதம் 87இல் ஒரு பங்கு, அதாவது எச்ஓ அளவு. ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் மற்ற நாட்டு எஞ்சின்களைவிட உடலில் சிறியவை. அன்றைய மோட்டார் அந்த விகிதத்தில் உள்ளே அடங்கவில்லை. ஆகவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். இதுவே ஓஓ அளவு. விளைவு, நான்கு அடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய பாதை நான்கு அடி ஒன்றரை அங்குலமாகிவிட்டது. பெரிய சட்டை போட்டு ஒட்டிய கால்களோடு நிற்கும் ஆள்மாதிரி! பொறுக்காதவர்கள் 1960களில் 18.83 மில்லிமீட்டர் பாதையைத் தாங்களே போடத் துணிந்தார்கள். கடைச் சரக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். அதில்தான் அவர்களுக்கு மகிழ்ச்சி.

கைவேலைக்குக் கை பழக ஏற்றது பிரிட்டனின் நான்குசக்கர நிலக்கரி வேகன். 1923இல் தரப்படுத்தப்பட்ட ஏழு பலகை வேகனின் நீளம் பதினாறரை அடி, இரு அச்சுகளுக்கு இடையே ஒன்பது அடி. ஓஓ மாதிரியில் இவை 66, 36 மில்லிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, இரும்பு ஊசியால் ஆறு கோடு கீறினால் ஏழு பலகை. ஆணித்தலைகள் வேண்டுமா? மெல்லிய தகட்டைப் பின்புறமிருந்து ஊசியால் அழுத்தினால் முன்புறம் புள்ளி புடைக்கும். பிளாஸ்டிக் பரவுவதற்கு முன் இதே வேலை அரக்கு மெழுகிய அட்டையில் நடந்தது. உடலைவிடக் கடினம் அடிப்பகுதி. நான்கு சக்கரமும் ஒரே தளத்தில் உட்காராவிட்டால் வளைவில் வேகன் தடம்புரண்டுவிடும். அதனால் ஓர் அச்சைச் சட்டத்தோடு நிலையாகப் பொருத்தி, மற்றதை நடுவில் தொங்கும் ஊசலாக்குவார்கள். முக்காலி ஆடாது என்ற நியாயம்தான். எடைக்கு உள்ளே ஈயம் வைப்பார்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை எச்ஓ பெட்டிக்கு ஓர் அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். கடைசியில் கருப்புச் சாயத்தை நீர்க்கத் தடவித் துடைத்தால் கீறல்களில் மட்டும் கரி தங்கும். புது வேகன் உழைத்த வேகனாவது அந்தத் துடைப்பில்தான்.

நிலக்காட்சியைக் கலையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் லண்டனில் காப்பீட்டுத் துறையில் இருந்த ஜான் ஏகர்ன். 1930களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய மேடர் பள்ளத்தாக்கு ரயில் எந்த நிஜப் பாதையின் நகலும் அல்ல. ஆனால் அங்கே ரயில் ஏன் வருகிறது, யாருக்காக வருகிறது என்று பார்த்தவுடனே புரியும். துறைமுகம், மதுக்கடை, ஆலை எல்லாம் நிஜக் கட்டடங்களைப் பார்த்து அட்டையில் செய்தவை. 1947இல் கட்டட மாதிரிகள் பற்றியும் 1951இல் நிலக்காட்சி பற்றியும் அவர் எழுதிய நூல்கள் ஒரு தலைமுறைக்குப் பாடநூலாயின. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து வந்த ராய் இங்கிலாந்து (பெயரே அதுதான்) இன்னொரு வகை. வேய்ந்த கூரைகள் மறைவதைக் கண்டு வருந்தி, ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் குடிசைகளை அளந்து அட்டையில் பதிவு செய்யத் தொடங்கினார். 1954இல் அவர் லாங் விட்டனம் கிராமத்தில் நிறுவிய பென்டன் அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது. ஏகர்னின் மேடர் பள்ளத்தாக்கும் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. பென்டனில் ரயிலைவிட வீட்டுத் தோட்டத்துக் காய்கறிப் பாத்திதான் பார்ப்பவரை நிறுத்திவைக்கும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் வீட்டு நிலவறையில் தரையிலிருந்து கூரைவரை மலை எழுப்பினார். தூரத்துப் பொருளைச் சிறிதாக்கியும் கண்ணாடி பொருத்தியும் இடத்தை நீட்டினார். பெட்டிகளுக்கு அழுக்கும் துருவும் ஏற்றும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. குறும்பும் உண்டு: பெட்டிகளை இழுக்கும் பணியில் ஒரு டைனோசரையும் வைத்திருந்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் தீப்பிடித்து அந்த அமைப்பின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை அவர் எடுத்த படங்கள். சாதாரண ஆளுக்கும் மலை கட்ட வழி காட்டியவர் லின் வெஸ்ட்காட். செய்தித்தாளைக் கசக்கிக் குவித்து, பிளாஸ்டரில் நனைத்த காகிதத் துண்டுகளை அதன்மேல் போர்த்தி, காய்ந்ததும் தாளை உருவிவிடும் அவர் முறையில் மெல்லிய ஓடாக மலை நின்றுவிடும்.

புல்லுக்கு முதலில் சாயமேற்றிய மரத்தூள், பிறகு அரைத்த நுரைத்துகள், இப்போது மின்னேற்றத்தால் செங்குத்தாக நிற்கும் இழைகள். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின் ஆணித்தலை புடைக்கும் வேலையும் குறைந்துவிட்டது.

இந்திய ரயிலைச் செய்ய விரும்புவோருக்கு ஒரு கணக்கு. 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை எச்ஓ விகிதத்தில் சுமார் 19.3 மில்லிமீட்டர் ஆகும், 16.5 மில்லிமீட்டர் கடைப் பாதை அதற்குக் குறுகல். மீட்டர்கேஜோ 11.5 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் மலைரயில்களுக்காக விற்கப்படும் 12 மில்லிமீட்டர் பாதை அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. ஆகவே மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மீட்டர்கேஜ் ரயிலைச் செய்பவர் பாதையை வாங்கிக்கொள்ளலாம். நீலமும் வெண்மஞ்சளுமான பெட்டிகளையும் கல்லாற்றுப் பாக்குத் தோப்பையும் தாமே செய்துகொள்ள வேண்டும்.