அம்மாவுக்கு அது ஜீப்

போன அக்டோபரில் எங்கள் செடான் காரை விற்றோம். 2011-ல் வாங்கியது, டீசல் வண்டி, 14 வருஷத்தில் ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. விற்றதற்குக் காரணம் என் மனைவியின் முழங்கால். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனபிறகு, தாழ்ந்த சீட்டிலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் சுற்றிவந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கவேண்டும். கல்யாண மண்டப வாசலில் பத்துப் பேர் பார்க்க அப்படி இறங்குவது பிடிக்காமல், "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

மகன்தான் எஸ்யூவி வாங்கலாம் என்றான். வாங்கி, முதல் வேலையாக மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு வயது 89. திண்ணையில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஜீப்பா வாங்கினே?" என்றாள்.

மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1976-ல் எங்கள் தெருவுக்கு ஒரு ஜீப் வந்தது. பயிர்க்கடன் பாக்கி. அப்பா கொல்லைப்புறமாக வயலுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் வாசலில் நின்றாள். வந்தவர்கள் இரண்டு பித்தளை அண்டாவையும் ஒரு தவலையையும் தூக்கி, ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு போனார்கள். அப்போது எனக்கு 18 வயது. அண்டா உருண்டு தகரத்தில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் உயரமான வண்டி என்றால் சர்க்கார் வண்டி. தாசில்தார், பி.டி.ஓ., போலீஸ் இவர்களிடம்தான் ஜீப் இருக்கும். வசதியுள்ள குடும்பத்துக்கு அம்பாசிடர் அல்லது ஃபியட். ஜீப்பை யாரும் ஆசைப்பட்டு வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வண்டி எப்படிக் குடும்ப வண்டி ஆனது என்பது தனிக் கதை. அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பை, சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் மஹிந்திரா இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் பெரிய மாற்றமில்லை. 1991-ல் டாடா சியரா, 1994-ல் சுமோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ வந்தன. சுமோ வந்தபிறகுதான் கூட்டுக் குடும்பமாகத் திருப்பதி போகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

உண்மையான திருப்பம் வரியில் இருந்தது என்பேன். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், சிறிய கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி., டீசல் 1500 சி.சி.க்குள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. உடனே கம்பெனிகள் செடானின் டிக்கியை நறுக்கின. பிறகு எஸ்யூவியையும் அதே அளவுக்குச் சுருக்கின. 2013-ல் அதே சிதம்பரம் எஸ்யூவிக்கு 27-லிருந்து 30 சதவீதமாக உயர்த்தினார். 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம், இவை மூன்றும் இருந்தால்தான் எஸ்யூவி. என் வண்டி 4.3 மீட்டர், 190 மில்லிமீட்டர் உயரம், ஆனால் எஞ்சின் 1497 சி.சி. ஆக, அந்தக் கணக்கில் இது எஸ்யூவியே இல்லை! அம்மாவுக்கு ஜீப், வரிக்காரருக்கு வெறும் கார். (செப்டம்பர் 2025-ல் ஜி.எஸ்.டி. மாறியதால் 45 சதவீதம் 40 ஆனது. அதற்காகவே ஒரு மாதம் காத்திருந்து வாங்கினோம்.)

நம்மூர்க்காரர்கள் பெருமைப்பட இன்னொன்று உண்டு. 2012-ல் வந்த டஸ்டர் ஒரகடத்தில் செய்தது, 2013-ன் எகோஸ்போர்ட் மறைமலைநகரில், 2015-ன் கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில். குடும்பங்கள் செடானை விட்டு மாறியதில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதுவரை 1,800 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. மனைவி இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொள்கிறாள், என் கை வேண்டாம். கார்த்திகையில் மூன்று கல்யாணத்துக்கு வந்தாள். குறை இல்லாமல் இல்லை. பழைய டீசல் 20 கிலோமீட்டர் கொடுத்த இடத்தில் இது ஊருக்குள் 11-தான். வளைவில் செடான் போலத் தரையோடு ஒட்டாமல் உடம்பு ஒருபக்கம் சாய்கிறது. தெருவில் நிறுத்தவும் சிரமம், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே ஒரு தரம் பேச்சு வாங்கிவிட்டேன்.

மனைவிக்குச் சரியான உயரம் அம்மாவுக்கு அதிகம். மூன்றாம் நாள் டாக்டரிடம் அழைத்துப்போக, மளிகைக் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிவந்து கதவடியில் போட்டேன். ஏறி உட்கார்ந்து, ஏ.சி. வேண்டாம், கண்ணாடியை இறக்கு என்றாள். தெருமுனை திரும்பும்போது பின்னால் எட்டிப் பார்த்து, "இடம் நிறைய இருக்கே, ரெண்டு அண்டா தாராளமா வைக்கலாம்" என்றாள்.

ஸ்டூல் இப்போது டிக்கியிலேயே இருக்கிறது.